பெரியப்பாவின் டெமோ கசட்

தலவாக்கலையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்.

“எங்கள் பெரியப்பா குவைத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர், போன வருசம் காலமானார். அவருடைய தகரப் பெட்டியில் நாற்பது ஐம்பது கசட் கிடந்தது. ஒன்றில் நீலப் பேனையால் ‘பார்பரா டெமோ’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. போட்டுப் பார்த்தால் அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்ட் பாடின பாட்டுகள்தான், ஆனால் பாடுவது ஒரு ஆண். பொம்பளைக் குரல் மாதிரி உச்சத்தில் பாடுகிறார். இது என்ன? அபூர்வமா? விற்றால் காசு வருமா? வேறு பாடகருக்காக எழுதின பாட்டை எழுதினவரே பாடின இந்த மாதிரிப் பதிவுகள் இன்னும் இருக்கிறதா, எங்கே கேட்கலாம்? மறுபக்கத்தில் பெரியப்பா ஏதோ தானானே போட்டு முனகுகிறார். அதை அழித்துவிட்டுச் சுத்தமாக விற்கலாம் என்று இருக்கிறேன்.”

தம்பி, மறுபக்கத்தில் கை வைக்காதீர்கள். கசட்டின் மேல் விளிம்பில் இடமும் வலமும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் காது இருக்கும். ஒரு ஸ்குரூ டிரைவரால் நெம்பி இரண்டையும் உடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு எந்த செட்டில் போட்டாலும் ரெக்கோட் பட்டன் இறங்காது. அதைச் செய்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

நான் ஹட்டனில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தவன். அந்தச் சொல்லைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சாராயக் கடை என்று நினைக்கிறார்கள். வெற்றுக் கசட்டும் பாட்டுப் பட்டியலும் கொண்டுவந்து தந்தால் பதிந்து கொடுக்கிற கடை, அவ்வளவுதான். கடை போய்விட்டது, செட்டுகள் வீட்டில் இருக்கின்றன. பழைய கசட்டைக் கணினிக்கு மாற்றித் தரும் வேலை அவ்வப்போது வருகிறது.

உங்கள் கசட்டில் பாடுகிறவர் அநேகமாக பரி கிப். பீ ஜீஸ் என்ற பாட்டுக் குழுவின் சகோதரர்களில் மூத்தவர். 1980 இல் வந்த ‘கில்ட்டி’ என்ற ஸ்ட்ரைசண்டின் இசைத்தட்டுக்குப் பாட்டுகளை எழுதித் தயாரிப்பிலும் பங்கு கொண்டவர். பாட்டு எப்படிப் போகிறது என்று அந்த அம்மாவுக்குக் காட்ட, தன் உச்சக் குரலில் தானே பாடிப் பதிந்தார். இப்படி மாதிரிக்குப் பதிவதற்குத்தான் டெமோ என்று பேர். ‘வுமன் இன் லவ்’ அதில் ஒன்று. ஸ்ட்ரைசண்டின் குரலில் அது அந்த வருசம் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. டெமோவில் தாடி வைத்த ஒரு மனுசன் “நான் காதலில் விழுந்த பெண்” என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் பாடுகிறார். நீங்கள் குழம்பியதில் பிழையே இல்லை.

கூச்சம் ஏன் இல்லை என்றால், அது ஊருக்குப் பாடின பாட்டு இல்லை. ஒரே ஒரு ஆளின் காதுக்குப் பாடினது. குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே மூச்சு எடுக்க வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும் என்று அந்த ஒரு ஆளுக்குக் காட்டிவிட்டால் வேலை முடிந்தது. டெமோ கேட்கப் பழகுகிறவர் இதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். “குரல் சுமார்தான், வாத்தியம் குறைவு” என்று அதற்குப் புள்ளி போடுகிறவர்கள், கட்டில் செய்யுமுன் ஆசாரி தரையில் போட்ட கோட்டைப் பார்த்து “இதில் படுக்க முடியாதே” என்கிறவர்கள்.

நம்மவர்களுக்கு இது புதுச் சங்கதியும் இல்லை. தமிழ்ப் படப் பாட்டில் இதற்கு ட்ராக் பாடுவது என்று பேர். மெட்டு வந்துவிடும், வரி வந்திருக்காது. தத்தகாரத்திலோ, வாயில் வந்த டம்மி வரியிலோ யாராவது பாடி வைப்பார்கள். வரி வந்த பிறகும் பெரிய பாடகருக்கு நேரம் கிடைக்கும்வரை வேறொருவர் பாடிய ட்ராக்கை வைத்தே ஒலிப்பதிவு நடக்கும். பெரியவர் வந்து ஹெட்போனில் அதைக் கேட்டுக் கேட்டுப் பாடிவிட்டுப் போவார். பின்னணிப் பாடகர் மனோ அப்படி எஸ். பி. பாலசுப்ரமணியத்துக்கு ட்ராக் பாடி வளர்ந்தவர்தான். ஆனால் அந்த ட்ராக்குகள் நம் கைக்கு வருவதில்லை. பெரியவரின் குரல் ஏறியதும் ட்ராக் குரலுக்கு வேலை இல்லை. ரேப் என்கிற ஒலிநாடாவில் பதிந்த காலத்தில் அந்தத் தடம் அடுத்த குரலுக்கு வேண்டும், அழித்துவிடுவார்கள். உலகம் முழுக்க டெமோ அபூர்வமாகப் போனதற்கு முதல் காரணம் இந்தச் சிக்கனம்தான். வேறு மர்மம் கிடையாது.

இதை நான் சொல்வதற்கு எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் நானே அழித்திருக்கிறேன்.

கடை போடுவதற்கு முன்னால் டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பாட்டுக் கோஷ்டி இருந்தது. எனக்குக் குரல் கிடையாது, பாட்டு எழுத வரும். பாடுகிறவர் மேல் டிவிசனில் இருந்தார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மலைக்குப் போய்த் திரும்பினால் அவருக்கும் நேரமில்லை, எனக்கும் நேரமில்லை. அதனால் தேர்த் திருவிழாவுக்கு எழுதின பாட்டை நானே பாடிக் கசட்டில் போட்டு அனுப்பலாம் என்று ஒரு யோசனை. இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், டூ இன் வன் செட்டை வைத்து, பிஸ்கட் தகரத்தில் தாளம் தட்டி, தொண்டை கிழியப் பாடினேன். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை. இரண்டாவது சரணத்தில் என் குரலைவிட மழைதான் பலமாகக் கேட்கும். நடுவில் அம்மா “உள்ளே வந்து பாடேன்டா” என்று சொல்வதும் விழுந்திருந்தது.

திருவிழா இரவில் அண்ணன் அதைப் பாடினார். இரண்டு இடத்தில் மாற்றிவிட்டார். நான் “கொழுந்தெடுக்கும்” என்று அவசரமாகச் சொல்லிப் போன இடத்தில் அவர் “கொழுந்து” என்பதில் நின்று, ஒரு சுற்றுச் சுற்றி, அதன்பிறகுதான் “எடுக்கும்” என்றார். பல்லவி திரும்பும் இடத்தில் என் வரியில் ஒரு சொல்லை விழுங்கிவிட்டு அந்த இடத்தைத் தப்பு மேளத்துக்கு விட்டுவிட்டார். அன்றைக்கு எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மறுநாள் என் கசட்டைப் போட்டுக் கேட்டேன். மழைச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று அவசரப்பட்டுத்தான் நான் அப்படிப் பாடியிருக்கிறேன் என்று தெரிந்தது. பாட்டில் இருந்த பிழையை டெமோ காட்டியது, பாடினவர் திருத்திவிட்டார்.

பிறகு கடை போட்டேன். ஒரு தீபாவளிக்கு முதல் நாள் வெற்றுக் கசட் எல்லாம் தீர்ந்துபோனது. நோர்வூட்டில் இருந்து வந்த ஒருவர் படப் பாட்டு வேண்டும் என்று நிற்கிறார். என் கசட்டின் உடைந்த காதின் மேல் செலோடேப் ஒட்டி, அதிலேயே பதிந்து கொடுத்துவிட்டேன். அம்மாவின் குரலும் அதில்தான் இருந்தது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பாட்டு எழுதுகிறவர் வேறு, பாடுகிறவர் வேறு என்ற ஏற்பாடு அமெரிக்க பொப் இசையில் ஒரு தொழிற்சாலை மாதிரியே நடந்தது. 1960 ஐ ஒட்டிய வருசங்களில் நியூயோர்க்கின் பிராட்வே வீதியில் சின்னச் சின்ன அறைகளில், அறைக்கு ஒரு பியானோ போட்டு, சம்பளத்துக்குப் பாட்டு எழுதினார்கள். கரோல் கிங் அப்படி வந்தவர். ‘டேப்பெஸ்ட்ரி’ என்ற இசைத்தட்டில் 1971 இல் சொந்தக் குரலில் உலகப் புகழ் எடுக்கும் முன், பத்து வருசமாக அவர் குரல் பெரும்பாலும் டெமோக்களில்தான் இருந்தது. எவர்லி பிரதர்ஸ் பாடி 1962 இல் பட்டியலில் ஏறின ‘கிரையிங் இன் த ரெயின்’, மங்கீஸ் 1967 இல் பாடின ‘பிளெசண்ட் வேலி சண்டே’ இரண்டின் டெமோவும் 2012 இல் வெளியான அவருடைய டெமோத் தொகுப்பில் இருக்கின்றன. பின்னதைக் கேளுங்கள். மங்கீஸ் கிட்டாரை முறுக்கி ஓட்டின பாட்டு அவருடைய வாயில் வேறு முகம் காட்டும்.

அந்தக் காலத்து டெமோ பெரும்பாலும் அசிட்டேட் என்கிற தட்டில் வெட்டப்பட்டது. அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் போலப் பூச்சு. அதில் நேரடியாக ஊசியால் வெட்டி, ஒன்றிரண்டு பிரதி எடுத்து, பாடகரின் ஆட்களிடம் கொடுப்பார்கள். சாதாரண இசைத்தட்டு மாதிரி அது தாங்காது. போடப் போட ஊசி பூச்சைத் தின்றுவிடும், கொஞ்ச நாளில் இரைச்சல்தான் மிஞ்சும். நாள் போனால் பூச்சே வெடித்துச் செதில் செதிலாக உரியும். இப்படி எண்ணிக்கையிலும் குறைவு, ஆயுளிலும் குறைவு. பாடகருக்குப் பிடிக்காவிட்டால் நேரே குப்பைக்கூடை.

எல்விஸ் பிரெஸ்லிக்கு ‘டோன்ட் பி குரூவல்’, ‘ஒல் ஷூக் அப்’ எல்லாம் கொடுத்தவர் ஒட்டிஸ் பிளக்வெல். டெமோவையும் அவரே பாடுவார். எல்விஸ் சொல்லை வெட்டி விழுங்கிப் பாடுகிற விதத்தில் பிளக்வெல்லின் டெமோ எவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசிவரை இருவரும் நேரில் சந்திக்கவே இல்லை. தட்டு மட்டும்தான் போய் வந்தது. எங்கள் மேல் டிவிசன் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

டியோன் வோர்விக்கின் கதையில் கொஞ்சம் காரம் உண்டு. பர்ட் பக்கராக்கும் ஹால் டேவிட்டும் எழுதுகிற பாட்டுகளுக்குக் கூலிக்கு டெமோ பாடிக்கொண்டிருந்த பெண் அவர். ‘மேக் இட் ஈசி ஒன் யுவர்செல்ப்’ பாட்டை அவர்தான் டெமோ பாடினார், அது தனக்கே வரும் என்று நம்பினார். 1962 இல் அது ஜெரி பட்லருக்குப் போய்விட்டது. கோபத்தில் அவர் கத்தியதில் இருந்துதான் ‘டோன்ட் மேக் மீ ஓவர்’ என்ற பாட்டு பிறந்தது என்பார்கள். அதே வருசம் அதுவே அவருடைய முதல் வெற்றி. கைநழுவின ‘மேக் இட் ஈசி’ பாட்டின் டெமோவும் குப்பைக்குப் போகவில்லை, அடுத்த வருசம் அவருடைய முதல் இசைத்தட்டில் ஏறிவிட்டது. ட்ராக் பாடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற கதை இது.

இப்படிக் கூலிக்குப் பாடினவர்களில் எல்டன் ஜோனும் ஒருவர். 1970 இல், பெரிய பேர் வருவதற்குச் சற்று முன், நிக் டிரேக் என்ற ஆங்கிலப் பாடகரின் சில பாட்டுகளை ஒரு இசைப் பதிப்பகத்துக்காக டெமோ பாடிக் கொடுத்தார், வேறு பாடகர்களிடம் விற்பதற்காக. அதை வெள்ளை லேபல் ஒட்டின தட்டாக மிகச் சில பிரதிகளே அடித்தார்கள். சேகரிப்பவர்கள் உண்மையிலேயே காசு கொடுப்பது இந்த வகைத் தட்டுக்குத்தான். பிரதி எண்ணி விடலாம், எங்கிருந்து கிளம்பியது என்பதும் தெரியும்.

பீட்டில்ஸ் பக்கம் இரண்டு மட்டும் சொல்கிறேன். 1969 ஜூலை 24 ஆம் திகதி போல் மக்கார்ட்னி லண்டன் அபே ரோட் ஸ்டூடியோவுக்கு மற்றவர்களுக்கு முன்னால் தனியாகப் போய், பியானோ, ட்ரம், பேஸ், குரல் எல்லாம் தானே போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் ‘கம் அண்ட் கெட் இட்’ பாட்டை முடித்தார். அது பேட்ஃபிங்கர் குழுவுக்கு எழுதினது. “டெமோவில் இருக்கிறபடியே பாடுங்கள், எதையும் மாற்றாதீர்கள்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்படியே பாடினார்கள், பாட்டும் ஏறியது. 1996 இல் ‘அந்தோலஜி 3’ தொகுப்பில் டெமோ வெளியானதும் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அண்ணன் தம்பி மாதிரி இருந்தது. மாற்றாதே என்று சொல்லிச் சரியாகப் போனதற்கு இது ஒன்றுதான் என் கைவசம் உள்ள நல்ல உதாரணம்.

இரண்டாவது கதை சட்டத்தைப் பற்றியது. ஜோன் லெனன் ‘பாட் டு மீ’ என்ற பாட்டை பில்லி ஜே. கிராமருக்குக் கொடுத்தார், 1963 இல் அது பிரித்தானியாவில் முதலிடம். லெனன் கிட்டாரோடு பாடின டெமோ பல வருசமாகக் கள்ளப் பிரதியாகத்தான் சுற்றியது. 2013 டிசம்பரில், ஒரு விளம்பரமும் இல்லாமல், இணையத்தில் அதிகாரபூர்வமாக வந்தது. ஏன் அந்த மாதம்? ஐரோப்பியச் சட்டத்தில் ஒலிப்பதிவின் உரிமைக் காலத்தை ஐம்பதில் இருந்து எழுபது வருசமாக நீட்டினார்கள். ஆனால் ஐம்பது வருசத்துக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்த நீட்டிப்புக் கிடையாது. 1963 இன் பதிவுகளுக்கு 2013 கடைசி வருசம். ரசிகர் மேல் பாசத்தில் திறந்த பெட்டி இல்லை அது, உரிமை கைநழுவாமல் இருக்கத் திறந்தது. எந்தக் காரணமாக இருந்தாலும் நமக்குக் கேட்கக் கிடைத்தது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிக நேரம் கேட்டிருப்பது அமெரிக்கப் பாடகர் பிரின்சைத்தான். மனுசன் பாட்டைக் கிள்ளிக் கொடுக்கவில்லை, அள்ளிக் கொடுத்தார். 1986 இல் பெங்கிள்ஸ் பெண்கள் பாடின ‘மெனிக் மண்டே’ அவருடையது. தன் பேர் வேண்டாம் என்று கிறிஸ்டோபர் என்று போட்டுக் கொடுத்தார். அமெரிக்கப் பட்டியலில் அது இரண்டாம் இடம் வரை போனது. முதலிடத்தில் அதை மறித்து நின்றது அவருடைய சொந்தப் பாட்டான ‘கிஸ்’. தன் பாட்டுக்குத் தானே குறுக்கே நின்றவர்! அவர் 2016 இல் இறந்த பிறகு, பிறருக்குக் கொடுத்த பாட்டுகளில் அவரே பாடின பதினைந்தை எடுத்து 2019 இல் ‘ஒரிஜினல்ஸ்’ என்று வெளியிட்டார்கள். நீங்கள் கேட்ட வகைக்கு அதைவிட நல்ல நுழைவாசல் எனக்குத் தெரியாது.

அதில் ‘நதிங் கம்பெயார்ஸ் டு யூ’ இருக்கிறது. 1984 இல் அவர் பதிந்தது, 2018 வரை வெளியே வரவில்லை. 1985 இல் த ஃபெமிலி என்ற தன் குழு ஒன்றுக்குக் கொடுத்தார், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1990 இல் சினேட் ஓகோனர் பாடினார், உலகமே அழுதது. இந்த மூன்றையும் ஒரே இரவில் கேட்டுப் பாருங்கள். பிரின்சின் பதிவில் சாக்சபோன் வருகிறது, பின்குரல்கள் வருகின்றன, கடைசியில் அவர் கத்துகிறார். துக்கத்தை ஆட்கள் சூழ நின்று சொல்கிற மாதிரி. சினேட் அந்தக் கூட்டத்தை எல்லாம் அனுப்பிவிட்டுத் தனியாக நிற்கிறார், குரலுக்கு அடியில் நீளமாக ஒரு ஒலி, மெதுவாக ஒரு தாளம். வரிகள் ஏறக்குறைய அதேதான். நம் தோட்டத்தில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இது உடனே புரியும். ஒரே பாட்டை எட்டாம் நாள் கூட்டத்தில் பாடுவதும், எல்லோரும் போன பிறகு அடுப்படியில் பாடுவதும் ஒன்றா?

பிந்திய காலத்தில் டெமோ கணினிக் கோப்பாகவே பிறக்கிறது. ‘பேபி வன் மோர் டைம்’ பாட்டை மக்ஸ் மார்ட்டின் முதலில் டி.எல்.சி. குழுவுக்குக் காட்டினார், அவர்கள் வேண்டாம் என்றார்கள், 1998 இல் பிரிட்னி ஸ்பியர்ஸ் பாடினார். சியா என்ற ஆஸ்திரேலியப் பாடகி ரியானாவுக்கு ‘டயமண்ட்ஸ்’ எழுதிக் கொடுத்தவர். மற்றவர்களுக்காக எழுதித் திரும்பி வந்த பாட்டுகளைச் சேர்த்து 2016 இல் தன் குரலிலேயே ஒரு இசைத்தட்டு போட்டு, அதற்கு ‘திஸ் இஸ் ஆக்டிங்’, அதாவது இது நடிப்பு, என்று பேர் வைத்தார். அடுத்தவர் தொண்டையை மனதில் வைத்து எழுதுவதற்கு அதைவிட நேர்மையான பேர் இல்லை.

இனி காசு. நேராகச் சொல்கிறேன், அந்தக் கசட்டுக்குக் காசு வராது. ‘கில்ட்டி’ டெமோக்கள் 2006 இலேயே இணையத்தில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தவை. உங்கள் கசட் ஒரு பிரதி, பிரதியின் பிரதியாகவும் இருக்கலாம். ஸ்டூடியோ லேபல், திகதி, கை மாறி வந்த வழி என்று எதுவும் அதில் இல்லை. பெரியப்பா குவைத்தில் யாரோ நண்பரிடம் வாங்கிப் பதிந்திருப்பார். அந்தக் காலத்தில் அங்கே அறையில் எட்டுப் பேர் இருந்தால் கசட்டும் எட்டுக் கை மாறும்.

பிரதியா என்று நீங்களே பார்க்கலாம். கணினிக்கு மாற்றி, அலைவரிசைப் படம் காட்டுகிற மென்பொருளில் போடுங்கள். மின்சாரத்தின் உறுமல் ஒரு மெல்லிய கோடாக அடியில் தெரிந்தாலும் தெரியும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், குவைத்திலும் நம் நாட்டிலும் 50. அமெரிக்காவில் பதிந்தது என்கிற ரேப்பில் 50 இல் கோடு தெரிந்தால், அது கணினிக்கு மாற்றும்போது நம் செட்டே போட்ட உறுமல் இல்லை என்றால், இந்தப் பக்கத்து செட் ஒன்றில் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 50 உம் 60 உம் சேர்ந்து தெரிந்தால் பயண வழியே எழுதி வைத்த மாதிரி. இணையத்தில் கோப்பாக விற்கிறவர்களிடம் வேறு ஒரு சோதனை: படம் 16 கிலோ ஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டினது போல நின்றால், அது அநேகமாக ஒரு சாதாரண எம்பி3 இல் இருந்து எடுத்தது. “மாஸ்டர் ரேப்பில் இருந்து” என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவால் எந்தக் குரலிலும் டெமோ செய்யலாம் என்று ஆகிவிட்டது. “இதுவரை யாரும் கேட்காதது” என்று ஒருவர் சொன்னால், யாருக்காக எழுதியது, எந்த வருசம், யாரிடம் இருந்து வந்தது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் பர்சை மூடுங்கள்.

நான் ஏமாந்த கதையும் உண்டு. கொழும்பில் ஒரு வியாபாரி எல்விசுக்குப் பிளக்வெல் பாடின டெமோ என்று ஒரு கசட்டை ஆயிரத்து ஐந்நூறு ரூபாவுக்குத் தலையில் கட்டினார். அப்போது அது எனக்குப் பெரிய காசு. வீட்டுக்கு வந்து முழுவதும் கேட்டேன். கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில், வெட்டுவதற்கு ஒரு நொடி முன்னால், ஒரு அறிவிப்பாளர் வாய் திறக்கிற சத்தம். அரை எழுத்து. ரேடியோவில் இருந்து பிடித்து, வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, குரல் மாறித் தெரிகிற மாதிரிச் செய்திருக்கிறார். அந்த அரை எழுத்தை இன்றைக்கும் வைத்திருக்கிறேன்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். கசட் உங்களுடையது, பாட்டு உங்களுடையது இல்லை. நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதினவரின் உரிமை அவர் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு எழுபது வருசத்துக்கும் இருக்கிறது. பிரதி எடுத்து விற்கக் கிளம்பாதீர்கள்.

இப்போது மறுபக்கம்.

கசட் நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டர் கூட இல்லை. அந்த அகலத்தில் பாதி ஒரு பக்கம், பாதி மறுபக்கம். இரண்டும் ஒரே நாடாவில் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கின்றன. செட்டில் நாடாவைத் தொட்டு அழிக்கும் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒரு பக்கத்தை அழிக்கப் போய் மற்றதையும் சுரண்டிவிடும். காந்தத்தால் மொத்தமாக அழித்தால் இரண்டும் போய்விடும். ஆகவே உங்கள் திட்டம் தொழில்நுட்பமாகவும் சரிவராது.

அதைவிட முக்கியம், நீங்கள் முனகல் என்று சொன்னது என்ன என்று இன்னும் பார்க்கவில்லை. குவைத்திலும் சவூதியிலும் இருந்தவர்கள் வீட்டுக்குக் கடிதத்தோடு குரலையும் கசட்டில் பதிந்து அனுப்புவார்கள். ஊருக்கு வருகிற யாராவது கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் சும்மா பாடினதற்கும், ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பாடினதற்கும் வித்தியாசம் கேட்டால் தெரியும். ஒரே அடியை இரண்டு தரம், இரண்டாவது தரம் மெதுவாகப் பாடுகிறாரா? தானானேக்கு நடுவில் நிறுத்தி “இந்த இடத்தில இழுக்கணும்”, “இங்க தப்பு வரும்” என்று ஏதாவது பேச்சு விழுகிறதா? ராகம் நம் கும்மியோ காமன் கூத்துப் பாட்டோ என்றால் உடனே பிடிபடும். பிடிபடாவிட்டால் அது அவர் போட்டதாக இருக்கலாம். அப்படி என்றால் பரி கிப் முன்பக்கத்தில் என்ன செய்கிறாரோ அதையேதான் பெரியப்பா பின்பக்கத்தில் செய்திருக்கிறார். முன்பக்கம் உலகத்தில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது, பின்பக்கம் உங்கள் தகரப் பெட்டியில் மட்டும்தான்.

மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடித் தேடி எழுத்தில் வைத்துவிட்டுப் போனார். வரி நமக்கு மிஞ்சியது. எந்தச் சொல்லில் நின்று இழுத்தார்கள் என்பதைத் தாளில் எழுதி வைக்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனிமேல் அதைப் போட்டுக் கேட்க வேண்டாம். தலவாக்கலைப் பனியில் வருசக் கணக்கில் பெட்டியில் கிடந்த கசட். சின்ன ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாக மா தூவினது போல இருந்தால் பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடுகிற கசட்டுக்கும் போகும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்துக் காய வைக்காதீர்கள், புகையும் சூடும் பூஞ்சணத்தைவிட மோசம். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். கசட்டின் திறந்த விளிம்பின் நடுவில், ஹெட் வந்து படுகிற இடத்தில், நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பளித் துண்டு இருக்கும். பழைய கசட்டில் அதன் பசை விட்டுப்போய் விழுந்துவிடும். விழுந்திருந்தால் அதையும் தேடி எடுத்து வையுங்கள்.

ஹட்டனுக்குக் கொண்டுவந்தால் நான் மாற்றித் தருகிறேன். எனக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பொடி ஸ்குரூ இருக்கிறது. ஒவ்வொரு கசட்டும் ஒவ்வொரு செட்டில் பதிந்தது, ஹெட்டின் சாய்வும் அதற்கேற்ப மாறும். பாட்டை ஓடவிட்டு அந்த ஸ்குரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், கம்பளிக்குள் இருந்து வந்த குரல் ஒரு இடத்தில் சட்டென்று வாயில் இருந்து வருகிற மாதிரி ஆகும். அங்கே நிறுத்தித்தான் பதிய வேண்டும். பின்பக்கத்தை முதலில் பதிவோம். நாடா அறுந்தால் முன்பக்கத்துக்குப் பதில் இணையத்தில் இருக்கிறது.

பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தத் தானானே எந்தத் திருவிழாவுக்கு, யார் பாடுவதற்காக என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.